தோமையார் அவரைப் பார்த்துச் சொன்னது: சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை

சென்னையில், இயேசுவின் பன்னிரு திருத்தூதருள் ஒருவரான புனித தோமையார் (தோமா) பெயரால் விளங்கும் மூன்று இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பெரும்பாலோர் சின்னமலையில் தொடங்கி, பரங்கிமலை ஏறி, சாந்தோமில் முடிப்பார்கள். அவர் ஒளிந்திருந்த குகை, குத்துப்பட்ட மலை, அடக்கம் செய்யப்பட்ட இடம் என்று கதை போகும் வழியிலேயே கால்களும் போகும். இந்த வரிசையை மாற்றி, சாந்தோமில் தொடங்குவது நல்லது என்பது எங்கள் கருத்து. காலையில் கல்லறை, கடைசியில் மலை. வெயில் ஒரு காரணம்: நண்பகலில் மலைப்படிகளில் கால் வைக்க முடியாது. மற்ற காரணம் போகப் போகத் தெரியும்.

புறப்படும் முன், உயிர்த்த இயேசுவைத் தோமா சந்திக்கும் பகுதியை, யோவான் நற்செய்தி 20-ஆம் அதிகாரம் 19 முதல் 31 வரை வாசித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் போனால் மூன்றும் மூன்று பழைய கட்டடங்களாகவே தெரியும். நாள் தேர்ந்தெடுக்க முடிகிறவர்கள் பாஸ்கா காலத்தின் 2-ஆம் ஞாயிறை (உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு) பார்க்கலாம். கத்தோலிக்கத் திருப்பலிகளில் அன்று ஆண்டுதோறும் இதே பகுதிதான் வாசிக்கப்படும். ஜூலை 3 தோமையார் திருவிழாவிலும் இதன் நடுப்பகுதி வரும். அந்த நாட்களில் கூட்டமும் இருக்கும், அமைதியாக நிற்க இடம் கிடைக்காது. சாதாரண வார நாள் காலை போதும்.

சாந்தோம் பேராலயத்துக்கு வெளியே நின்று மேலே பாருங்கள். 155 அடி உயரக் கோபுரம் எல்லோர் கண்ணிலும் படும். கூரையின் நடுப்பகுதியில் இன்னொரு சிறிய கோபுரம் நிற்கும். அதற்கு நேர் கீழே இருப்பதுதான் கல்லறை. இன்றைய கோதிக் பாணிக் கட்டடம் 1896-இல் நேர்ந்தளிக்கப்பட்டது. அதற்கு முன் அதே இடத்தில் போர்ச்சுகீசியர் எழுப்பிய கோயில் இருந்தது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. மேல்கோயிலில் முழந்தாள் இட்டுச் செபித்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். கல்லறைச் சிற்றாலயம் நிலத்துக்கடியில் இருக்கிறது. திருப்பலிக்கு இடையூறு வராமல் இருக்க, அதற்குப் பேராலயத்தின் பின்புறமாகத் தனி வாசல் வைத்திருக்கிறார்கள். மேல்கோயிலுக்குள் படி தேடினால் கிடைக்காது. பின்பக்கம் போய், அருங்காட்சியகத்தை ஒட்டி இறங்க வேண்டும். கீழே பேச்சு கூடாது. அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

எலும்புகளைத் தேடி வருகிறவருக்கு இங்கே ஏமாற்றம்தான். சிறு திருப்பண்டம் (புனிதர் உடலின் ஒரு துணுக்கு) தவிர, உடல் இங்கே இல்லை. இது பின்னாளில் யாரோ கண்டுபிடித்துச் சொன்ன ரகசியமும் அல்ல. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்' என்ற நூலே, சகோதரர்களில் ஒருவர் எலும்புகளை மேற்குத் திசைக்குக் கொண்டுபோய்விட்டார் என்கிறது. அரசன் கல்லறையைத் திறக்கிறான், உள்ளே ஒன்றும் இல்லை, அங்கிருந்த மண்ணை எடுத்து நோயுற்ற மகனுக்கு இடுகிறான், மகன் குணமாகிறான். நான்காம் நூற்றாண்டில் எதெஸ்ஸா நகரில் வாழ்ந்த புனித எப்ரேம், எலும்புகள் தம் ஊரில் இருப்பதைப் பாடல்களில் பாடுகிறார். பிறகு அவை கியோஸ் தீவுக்கும், 1258-இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் போயின. இன்றும் அங்கே இருக்கின்றன.

மண்ணின் கதை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பயணிகள் தோமையார் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய், காய்ச்சல் கண்டவருக்குத் தண்ணீரில் கலந்து கொடுப்பதை எழுதியிருக்கிறார். அவர் கேட்ட கதையில் ஈட்டி இல்லை. மயில் வேட்டைக்காரன் ஒருவன் குறி தவறி எய்த அம்பு பட்டு இறந்தார் என்கிறது அது. மயிலாப்பூருக்குப் பொருத்தமான கதைதான். ஆனால் மார்க்கோ போலோவுக்கு ஆயிரம் ஆண்டு முந்தைய அந்தச் சிரியாக் நூல் நான்கு படைவீரர்களின் ஈட்டிகளைச் சொல்கிறது. திருச்சபையும் அதைத்தான் கைக்கொண்டது.

உலகில் திருத்தூதர் கல்லறைமேல் எழுந்த கோயில்கள் மூன்றே மூன்று, உரோமையில் பேதுரு, ஸ்பெயினில் யாக்கோபு, இங்கே தோமா என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சொல்ல நன்றாக இருக்கிறது, கறாரான கணக்கு அல்ல. இத்தாலியில் சலேர்னோ மத்தேயுவையும், அமால்பி அந்திரேயாவையும் கொண்டிருப்பதாகச் சொல்கின்றன. எபேசில் யோவானின் கல்லறைமேல் எழுந்த பெருங்கோயில் இடிபாடாகக் கிடக்கிறது. சாந்தோமின் மதிப்புக்கு இந்த 'மூன்றே' தேவையும் இல்லை. பேராலயத்துக்குப் பின்னால், கடல் பார்த்து நிற்கும் தோமையார் கம்பத்தையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். கடல் அதைத் தாண்டாது என்பது ஊர் நம்பிக்கை. நம்புகிறவர் நம்பட்டும். யோவான் எழுதியதும் கம்பத்தின் கதையும் ஒரே எடை என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். பின்னது பொய்த்தால் முன்னதையும் சேர்த்து எறிந்துவிடுவார்கள்.

கல்லறை காலியாக இருப்பதில் குறை ஒன்றும் இல்லை. இங்கே அடக்கமான மனிதரின் நம்பிக்கையே எருசலேமில் இன்னொரு காலிக் கல்லறையிலிருந்து தொடங்கியது. அந்தச் செய்தியை முதலில் ஏற்க மறுத்தவரும் இவர்தான். அதனால்தான் கல்லறையை முதலில் வைக்கச் சொன்னோம்.

சாந்தோமிலிருந்து சின்னமலைக்கு ஆட்டோ பிடிப்பதே எளிது. மெட்ரோவில் வருகிறவர்கள் நீல வழித்தடத்தில் சின்னமலை நிலையத்தில் இறங்கலாம். அடையாற்றின் தென்கரைப் பாறை அது. குகையை ஒட்டி 1551-இல் போர்ச்சுகீசியர் கட்டிய கோயிலும், 1971-இல் எழுந்த வட்டவடிவக் கோயிலும் உள்ளன. குகை வாசல் தாழ்வானது. குனிந்து போக வேண்டும், நெற்றி இடிபடுவது சகஜம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வெளியிலேயே நின்று செபிக்கலாம். உள்ளே ஒரே நேரத்தில் சிலர்தான் நிற்க முடியும் என்பதால் குழுவாக வந்தவர்கள் பிரிந்து பிரிந்து போவது நல்லது. தப்பிச் சென்ற துவாரம், கைத்தடம், வற்றாத ஊற்று என்று காட்டுவதெல்லாம் மரபுவழிக் கதைகள். இங்கே வாசிக்க ஏற்ற பகுதி யோவான் 14-இன் முதல் ஏழு வசனங்கள். நீர் எங்கே போகிறீர் என்றே எங்களுக்குத் தெரியாதே, வழி எப்படித் தெரியும் என்று ஆண்டவரிடம் நேருக்கு நேர் கேட்டவர் தோமாதான். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டு இருந்தபோது இவர் புரியவில்லை என்றார்.

சின்னமலையிலிருந்து மெட்ரோவில் ஆலந்தூர் போய், அங்கே பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையம் பரங்கிமலை. நிலையத்தில் ஆட்டோ ஏறும்போது 'படிக்கட்டு அடிவாரம்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வண்டிச் சாலை வழியாக நேரே உச்சியில் இறக்கிவிடுவார்கள். முடியாதவர்களுக்கு அந்தச் சாலை வசதிதான். முடிந்தவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் படிகளின் ஓரமாகத்தான், இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளும் இருக்கின்றன.

மலை ஏறத்தாழ 300 அடி உயரம், படிகள் நூற்றுக்கு மேல். நிற்காமல் ஏறினால் சிறிது நேரத்தில் உச்சி. சிலுவைப்பாதை செய்துகொண்டு ஏறினால் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் தொடங்குவது உத்தமம். தண்ணீர் கையில் இருக்கட்டும். வேண்டுதலுக்காக வெறுங்காலில் ஏறுகிறவர்கள் வெயில் தாழ்ந்த பிறகே ஏற வேண்டும், கல்லில் சூடு தங்கும். இந்தப் படிகளைப் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டித் தந்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றுப் பாலத்துக்குப் பணம் தந்ததும் அவர்தான். பயணிகள் ஆற்றையும் தாண்ட வேண்டும், மலையும் ஏற வேண்டும் என்று யோசித்துச் செலவழித்த மனிதர்.

ஏறும்போது நிலைகளுக்கு இடையே யோசிக்க ஒரு விஷயம். 'சந்தேகத் தோமா' என்ற பட்டம் நியாயமானதுதானா? 20-ஆம் அதிகாரத்தின் 20-ஆம் வசனத்தைப் பாருங்கள். இயேசு மற்றச் சீடர்களிடம் தம் கைகளையும் விலாவையும் காட்டினார், அதன் பிறகே அவர்கள் மகிழ்ந்தார்கள். மற்றவர்கள் பெற்ற அதே சான்றைத்தான் தோமாவும் கேட்டார். ஒரு வாரம் பிந்திக் கேட்டதுதான் வித்தியாசம். ஓவியங்களில் அவர் விரலைக் காயத்துக்குள் விட்டுக்கொண்டிருப்பார், ஆனால் யோவான் அப்படி எழுதவில்லை. இயேசு 'இடு' என்று அழைக்கிறார், அடுத்த வரியில் தோமா பேசிவிடுகிறார்.

அந்தப் பேச்சு கிரேக்கத்தில் சில சொற்களே. பழைய தமிழ் வேதாகமத்தில் 'என் ஆண்டவரே! என் தேவனே!' என்றும், பொது மொழிபெயர்ப்பில் 'நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!!' என்றும் இருக்கிறது. இது வியப்பில் வந்த 'ஐயோ கடவுளே' மாதிரியான கூச்சல்தான் என்று வாதிடுகிறவர்கள் இன்றும் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வாழ்ந்த மொப்சுவெஸ்தியா நகர ஆயர் தியடோர், இது இயேசுவைக் குறித்தது அல்ல, அதிசயத்தைக் கண்டு கடவுளைப் போற்றியது என்று விளக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, அந்த விளக்கம் 553-இல் கூடிய இரண்டாம் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தில் (ஆயர்களின் பேரவையில்) கண்டிக்கப்பட்டது. சங்கத் தீர்ப்பு வரை போகவே வேண்டாம், வசனத்தின் முதல் பாதி போதும். தோமா 'அவருக்குப் பிரதியுத்தரமாக' என்கிறது பழைய தமிழ், 'அவரைப் பார்த்து' என்கிறது புதியது. மூலத்திலும் 'அவருக்கு' இருக்கிறது. யாரிடம் சொன்னார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

அதைக் காதில் வாங்கிய இயேசு என்ன செய்தார் என்பது இன்னும் முக்கியம். பின்னாளில் உரோமைப் படை அதிகாரி கொர்னேலியு காலில் விழுந்தபோது பேதுரு 'எழுந்திரும், நானும் மனிதன்தான்' என்றார். லிஸ்திராவில் தங்களைத் தேவர்கள் என்று கும்பிட வந்தவர்களைக் கண்டு பர்னபாவும் பவுலும் மேலாடையைக் கிழித்துக்கொண்டார்கள். திருவெளிப்பாட்டில் வானதூதர்கூட வணக்கத்தை மறுக்கிறார். இயேசு மறுக்கவில்லை. கடவுள் ஒருவரே என்று நாள்தோறும் சொல்லி வளர்ந்த யூதர் ஒருவர் தம்மைக் 'கடவுள்' என்று அழைத்ததை அவர் ஏற்றுக்கொண்டு, காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர் என்று மட்டும் சேர்த்தார். கிறிஸ்தவர்கள் இயேசு யார் என்று அறிக்கையிடுவதற்கு இந்த இடம் தூணாக நிற்பது இதனால்தான். சொன்னவர் எளிதில் நம்பாத சாட்சி. அவர் சொன்னதைக் கேட்டுத் திருத்த வேண்டியவர் திருத்தவில்லை.

உச்சியில் காற்று நன்றாக வரும். கீழே விமானங்கள் இறங்குவது தெரியும். 1802-இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கிய முதல் அடிக்கோடு இந்த மலைப்பக்கத்தில் போடப்பட்டது, அவருடைய மார்பளவுச் சிலையும் இங்கே உண்டு. கோயில் சிறியது, 1523-இல் போர்ச்சுகீசியர் தொடங்கியது. பலரும் வாசலில் நின்று பீடத்து மாதா படத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பீடத்துக்கு நெருங்கிப் போய்ப் பின்சுவரைப் பாருங்கள். அங்கே பதித்திருக்கும் கற்சிலுவையைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் ஏறினோம்.

1547-இல் கோயில் வேலைக்குத் தோண்டியபோது கிடைத்தது இது. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலியின்போது இதில் வியர்வை போல் கசிந்ததாகவும், 1704 வரை அவ்வப்போது அது நடந்ததாகவும் பதிவுகள் சொல்கின்றன. டிசம்பர் 18 இன்றும் இங்கே விழா நாள். உடல் உருவம் இல்லாத சிலுவை இது. கைகளின் முனைகள் மொட்டுப்போல் விரிந்திருக்கும். அடியில் இதழ்கள், உச்சியில் கீழ்நோக்கி இறங்கும் புறா. சுற்றிலும் நம் கோயில் திருவாசி போல, மகரங்களின் வாயிலிருந்து எழும் வளைவு. அந்த வளைவை ஒட்டி ஓடும் கீறல்களை அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். அவை பஹ்லவி எழுத்துகள், இடைக்காலப் பாரசீக மொழி.

தோமையார் தம் கையால் செதுக்கினார் என்பது மரபு. எழுத்தின் வடிவமோ பல நூற்றாண்டு பிந்தியது. கடல் தாண்டி வந்த பாரசீகக் கிறிஸ்தவர்களின் வேலை. வாசித்தவர்கள் ஒத்துப்போவதும் இல்லை. 1930-இல் விங்க்வொர்த் என்ற அறிஞர் வாசித்தபோது அஃப்ராஸ் என்ற பெயர் கிடைத்தது, பிற்பாடு குரோப் என்ற அறிஞர் வாசித்தபோது சப்ரீசோ என்று வந்தது. அவர் கல்லை வெட்டியவரா கொண்டுவந்தவரா என்பதிலும் கருத்து வேறுபாடு. வாக்கியத்தின் தொடக்கத்தில் இரண்டு வாசிப்பும் சேர்கின்றன: ஆண்டவர் கிறிஸ்துவே, இவர்மேல் இரக்கம் வையும்.

பீடத்தின் முன் விளக்கு வெளிச்சம் நேராக விழும்போது எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து, சாய்வாகப் பாருங்கள்.