கான்னிமாராவின் சார்ஜென்ட்

2011இல் வெளிவந்த 'தி கார்ட்', ஜான் மைக்கேல் மெக்டோனா எழுதி இயக்கிய முதல் முழுநீளத் திரைப்படம். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வேயைச் சேர்ந்த கான்னிமாராவில் பணிபுரியும் சார்ஜென்ட் ஜெரி பாயிலாக பிரெண்டன் கிளீசன் நடித்திருக்கிறார். விபத்தில் இறந்துகிடக்கும் இளைஞன் ஒருவனின் பையைத் துழாவி, அதிலிருந்த போதைப்பொருளைப் பதற்றமே இல்லாமல் தன் நாவில் வைத்துக்கொள்ளும் முதல் காட்சியிலேயே அவர் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆனால் அந்த மனிதரை அவ்வளவு எளிதில் எடைபோட்டுவிட முடியாது என்பதே இப்படத்தின் பெரும் பலம். போதைப்பொருள் கடத்தல்காரர்கள் நீட்டும் பணத்தை மற்ற காவலர்கள் வாங்கிக்கொள்ள, வாய்க்கு வந்ததைப் பேசி எல்லோரையும் புண்படுத்தும் இவர் மட்டுமே அதை மறுக்கிறார். அந்தக் கடத்தல்காரர்களைத் தேடி அமெரிக்காவிலிருந்து வந்த எஃப்.பி.ஐ. அதிகாரி எவரெட், டான் சீடில் நடித்த பாத்திரம், வீடு வீடாக விசாரிக்கச் செல்லும்போது ஊர்மக்கள் ஐரிஷ் மொழியிலேயே பதில் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பும் காட்சியை நான் மிகவும் ரசித்தேன். அந்நியரிடம் ஒரு சிற்றூர் காட்டும் பிடிவாதத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிவிட முடியாது.

எனினும் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தவை, மரணத்தை எதிர்நோக்கியிருக்கும் தாயாக வரும் ஃபியோனுலா ஃபிளானகனுடன் பாயில் பேசும் காட்சிகள்தான். தாயும் மகனும் எதையும் மறைக்காமல், கண்ணீருக்கு இடம்கொடுக்காமல் பேசிக்கொள்கிறார்கள். கிளீசனின் முரட்டு முகம் அங்கு மட்டும் தளர்கிறது. கலெக்ஸிகோ குழுவின் இசை இக்கதைக்கு ஒரு வெஸ்டர்ன் படத்தின் மிடுக்கைத் தருவதால், இறுதியில் துறைமுகத்தில் நிகழும் துப்பாக்கிச் சண்டை சற்றும் அந்நியமாகத் தோன்றவில்லை.