ரீச்சரும் மார்க் ட்வைனும்

பத்தாம் வகுப்பில எங்களுக்கு இங்கிலிஷ் படிப்பிச்ச ரீச்சர் போன மாசி மோசம் போயிட்டா. நினைவு மலருக்கு ஏதும் எழுதித் தாங்கோ எண்டு கேட்டோடன அவ சொல்லித்தந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன்தான் எனக்கு முதல் ஞாபகம் வந்தவர், சோதினைக்குத் தேவையில்லாட்டியும் மணி அடிக்குமட்டும் சொல்லுவா.

ஆளின்ர சொந்தப் பேர் சாமுவேல் கிளெமென்ஸ், மிசிசிப்பி ஆத்தங்கரையில ஹனிபல் எண்ட ஊரில வளந்தவர், 11 வயசில தகப்பன் செத்துப்போக அச்சுக்கூட வேலைக்குப் போய் பிறகு ஆத்தில நீராவிக் கப்பல் ஓட்டினவர். மார்க் ட்வைன் எண்டால் ரெண்டு பாகம் ஆழம், 12 அடி, கப்பல் போகலாம் எண்டு அர்த்தமாம். ஹார்ட்ஃபர்ட் எண்ட ஊரில 25 அறை வீடு கட்டி, டொம் சோயர், ஹக்கிள்பெரி ஃபின் எண்ட கதைப் புத்தகங்களும் நல்லா வித்து, சொந்தப் பதிப்பகமும் துவங்கி, அமெரிக்க ஜனாதிபதியா இருந்த கிராண்ட்டின்ர சுயசரிதையைப் போட்டு அவற்ர விதவைக்கு 1886இல குடுத்த ஒரு செக் மட்டும் 2 லட்சம் டொலர்!

பிறகு எல்லாம் போட்டுது. அச்செழுத்துக் கோக்கிற மெசின் ஒண்டில 3 லட்சம் டொலர் மட்டில கொட்டினவர், சின்னனில கையால எழுத்துக் கோத்த மனுசனுக்கு அதில ஆசை வராமல் என்ன செய்யும் எண்டு ரீச்சர் சொல்லுவா. மெசின் சரிவரேல்லை, 1894இல பதிப்பகமும் முறிஞ்சு போச்சு. சட்டப்படி முழுக்கடனும் கட்டத் தேவையில்லை, ஆனா ஒரு சதமும் விடாமல் கட்டுவன் எண்டு 60 வயசு ஆகப்போற நேரம் பெஞ்சாதியையும் ஒரு மகளையும் கூட்டிக்கொண்டு உலகம் சுத்திப் பேசப் போனவர்.

1896 தையில கொழும்புக்கும் வந்தவர். தெருச் சனத்தின்ர பட்டுடுப்பையும் நிறத்தையும் பாத்து மயங்கி நிக்கேக்க மிஷன் பள்ளிக்கூடம் ஒண்டில இருந்து வெள்ளைக்காரச் சட்டையோட 16 பிள்ளையள் ரெண்டு ரெண்டு பேரா வர, எல்லா அழகும் கெட்டுப்போச்சு எண்டு எழுதி, பிறகு தன்ர உடுப்பைப் பாத்தும் வெக்கப்பட்டவர். ரீச்சர் அதை வாசிக்கேக்க நாங்கள் வெள்ளைச் சட்டை, டை, சப்பாத்தோட இருந்தனாங்கள், ஒருத்தரும் சிரிக்கேல்லை. அவர் எழுதினது சரி எண்டுதான் எனக்கு இப்பவும் நினைப்பு.

அந்தப் பயணம் முடிஞ்ச கையோட, ஆவணியில, ஊரில விட்டிட்டுப் போன மூத்த மகள் சூசி 24 வயசில மூளைக்காய்ச்சலில செத்துப்போனா, அந்த ஹார்ட்ஃபர்ட் வீட்டிலதான். தாய் கப்பலில வந்துகொண்டிருந்தவ, தகப்பன் இங்கிலாந்தில தனிய, தந்திதான் வந்தது. 1898இல கடன் முழுக்கக் கட்டி முடிஞ்சுது, சாகேக்க திரும்பப் பணக்காரன்தான், ஆனா அந்த வீட்டில அதுக்குப் பிறகு அவை இருக்கேல்லை, 1903இல வித்துப்போட்டினம். இந்த இடத்தில ரீச்சர் புத்தகத்தை மூடிப்போட்டு யன்னலுக்கு வெளியில பாத்துக்கொண்டு நிப்பா, அவவும் ஒரு பிள்ளையைப் பறிகுடுத்தவ எண்டது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

போன வருசம் டொரொன்டோவில இருந்து காரில போய் அந்த வீட்டைப் பாத்தனான், செங்கல் வீடு, இப்ப மியூசியம். வாசலில நிண்டு எடுத்த படத்தை ரீச்சருக்கு வாட்ஸ்அப்பில அனுப்பினன். அண்டிரவே குரல் பதிவு வந்தது. "சூசி செத்த வீடெல்லே பிள்ளை, உள்ளுக்கை போகேக்க செருப்பைக் கழட்டினனியே?"