அப்பாவின் கறுப்புச் செருப்பு

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், வாசற்படியிலிருந்து கூடம் வரை தரையில் சொட்டுச் சொட்டாக இரத்தம் இருப்பதைப் பார்த்து அம்மா கூச்சலிட்ட பிறகுதான், ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி அப்பாவின் பாதத்தில் ஏறியிருந்தது எங்களுக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு 22 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். "வலியே இல்லையே" என்று அவர் சொன்னதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டோம் என்பதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போனதால், ஆரணியிலிருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, அதாவது சி.எம்.சி.க்கு, அழைத்துச் சென்றோம். மருத்துவர் நைலான் இழை ஒன்றை எடுத்து, "ஐயா, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பட்டதும் சொல்லுங்கள்" என்றார். பாதத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு இழை மாறிக்கொண்டே இருந்தது. அப்பாவோ, இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்துக் காத்திருந்தார். அடுத்த காலைச் சோதிக்கும்படி, உடன் நின்ற மாணவர் ஒருவரிடம் இழை கொடுக்கப்பட்டது. அவர் அழுத்திக் குத்தப் போக, "இழை வளையும் வரைதான், அந்த வளைவுதான் 10 கிராம் அழுத்தம்" என்று மருத்துவர் திருத்தினார். என் தந்தையின் பாதம் ஐந்து நிமிடம் பாடப்புத்தகமாக இருந்ததில் எனக்கு வருத்தமில்லை. திருத்துவதற்கு ஓர் ஆசிரியர் பக்கத்தில் நின்றாரே என்ற நிம்மதிதான்.

புண் ஆறியதும் காகிதத்தில் பாதத்தை வரைந்து அளவெடுத்து, கறுப்பு அடி வைத்த செருப்பு ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்பார்கள். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் அது. உடல் எடை ஓரிடத்தில் குவியாமல் பாதம் முழுவதும் பரவச் செய்யும். அதன் கதையைத் தேடிப் படித்தபோது, அது சர்க்கரை நோயாளிகளிடம் அல்ல, தொழுநோயாளிகளிடம் தொடங்கியிருந்தது.

1914இல் நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட், அறுவை மருத்துவம் கற்பிப்பதற்காக 1946இல் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் சதையை அழுக வைக்கிறது, அதனால் விரல்கள் உதிர்கின்றன என்றே அன்று மருத்துவர்களும் நம்பினர். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில், மடங்கிப்போன கையுடைய ஒருவரோடு கைகுலுக்கிய பிராண்ட், அந்தப் பிடியின் வலிமையைக் கண்டு திடுக்கிட்டார். சில நரம்புகள் செத்திருந்தாலும் முன்கைத் தசைகள் நன்றாகவே இருக்கின்றன என்றால், நல்ல தசையின் தசைநாணை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தலாமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அறுவைக்குப் பின் நோயாளிகள் தொழில் கற்றுக்கொண்டு தங்குவதற்காக சி.எம்.சி. வளாகத்திலேயே குடிசைகள் எழுந்தன. அவர்களை நாள்தோறும் கூட இருந்து கவனித்ததில்தான் பெரிய உண்மை புலப்பட்டது: விரல்களைத் தின்றது நோயல்ல, சூடான பாத்திரத்தையும் செருப்புக்குள் கிடந்த கல்லையும் உணர முடியாமல் போனதுதான். பாதங்களைக் காக்க எம்.சி.ஆர். வந்த வழி இதுவே. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணிலும் இதே கதையைக் கண்டு எடுத்துச் சொன்னார்.

அவருடைய மாணவி மேரி வர்கீஸ் 1954இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்தார். உடல்மறுவாழ்வுத் துறையை சி.எம்.சி.யில் வளர்த்தெடுத்தவரும் அவரே.

மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு இந்த மருத்துவமனையைத் தொடங்கியதும், 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி திறந்ததும் பலரும் அறிந்தவை. எனக்கு அதைவிட வியப்பளிப்பது, காசு தர வழியற்ற, மற்ற நோயாளிகள் பக்கத்தில் படுக்கவும் அஞ்சிய மனிதர்களுக்காக ஒரு மருத்துவமனை இத்தனை ஆண்டுகள் மெனக்கெட்டது. இலாபக் கணக்கு பார்ப்பவர் இந்த ஆராய்ச்சியைத் தொட்டிருக்கவே மாட்டார். அதற்காக அங்கே எல்லாம் இலவசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்களிடம் முறையாகக் கட்டணம் வாங்கினார்கள். ஆனால் கொடுக்க முடிந்தவர் கொடுப்பது முடியாதவரின் சிகிச்சைக்கும் போகிறது. மருத்துவர்கள் தனியாகத் தொழில் நடத்தாமல் மாதச் சம்பளத்தில் வேலை செய்கிறார்கள்.

வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதைத்தான் அப்பாவால் ஏற்க முடியவில்லை. ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு அவரே போய், வீட்டுக்கென்று இன்னொரு ஜோடிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார். காலையில் பூசையறை வாசலில் அது மட்டும் தனியாகக் கிடக்கும். உள்ளே அம்மா விரித்துப் போட்ட பழைய ஜமுக்காளத்தின் மேல் அவர் நின்றுகொண்டிருப்பார்.