பீற்றர் பிளேக்கின் பென்சில் கையெழுத்தும் யாழ்ப்பாணத்து ஈரக்காற்றும்

பொப் ஆர்ட் (விளம்பரம், சினிமா, கடைப் பொருள் என்று அன்றாடம் காணும் படங்களையே ஓவியமாக்குகிற கலை) என்றதும் எல்லாரும் அமெரிக்க ஓவியர் அன்டி வார்ஹோலின் மெரிலின் மன்றோவுக்கும் சூப் பேணிக்கும் போய்விடுகிறார்கள். என்னுடைய ஆள் பீற்றர் பிளேக். 1932இல் இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் பிறந்தவர், பிரிட்டிஷ் பொப் ஆர்ட்டின் முன்னோடிகளில் ஒருவர். பெயர் தெரியாதவர்களும் அவருடைய ஒரு வேலையைப் பார்த்திருப்பார்கள்: பீற்றில்ஸ் இசைக்குழுவின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' இசைத்தட்டு உறை. ஜான் ஹாவர்த்துடன் சேர்ந்து 1967இல் செய்தது. உறையில் நிற்கிற பிரபலங்களின் கூட்டத்துக்குள் பரமஹம்ச யோகானந்தர் நிற்கிறார், முன்னால் ஒரு சின்ன லட்சுமி பொம்மை இருக்கிறது, காந்தியையும் நிறுத்தியிருந்தார்கள், இந்தியாவில் பிரச்சினை வரும் என்று இசைத்தட்டுக் கம்பனி பயந்ததால் அவரை எடுத்துவிட்டார்கள். அந்த வேலைக்குக் கிடைத்தது 200 பவுண். ரோயல்டி எல்லாம் கிடையாது.

அவர் கையெழுத்துப் போட்ட பிரின்ட்களைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறேன். "உது அச்சடிச்ச படம்தானே, உதுக்கோ இவ்வளவு காசு?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இது ஓவியத்தைப் படம் பிடித்து அச்சடித்த போஸ்டர் இல்லை, பெரும்பாலும் சில்க் ஸ்கிரீனில் அடித்தது. சில்க் ஸ்கிரீன் நம்முடைய ஊருக்குப் புதிதா என்ன, கலியாணக் கார்ட்டும் கடைப் பைகளும் காலங்காலமாக அதில்தானே அடிக்கிறோம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், மையை ரப்பரால் இழுக்க அது துணிக்குள்ளால் காகிதத்தில் இறங்கும். இந்தப் பிரின்ட்களுக்கு அந்த முறையிலேயே ஓவியர் படத்தை யோசிக்கிறார், அச்சாளரோடு சேர்ந்து ஒவ்வொரு நிறமாக அடிக்கிறார், இத்தனை பிரதிதான் என்று முடிவு செய்கிறார், பிறகு ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திடுகிறார். அந்தப் பிரின்ட்தான் மூலம். வேறு எங்கேயும் 'உண்மையான' படம் என்று ஒன்று தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

23/100 என்றால் நூறில் இருபத்துமூன்றாவது. அதற்காக 1/100 உயர்ந்தது, 99/100 தாழ்ந்தது என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். ஸ்கிரீன் பிரின்ட்டில் முதல் பிரதிக்கும் கடைசிப் பிரதிக்கும் பெரிதாக வித்தியாசம் வராது, எண் போடும் வரிசையும் அச்சடித்த வரிசையாக இருக்க வேண்டும் என்றில்லை. எண்ணுக்குப் பதிலாக ஏ.பி. (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) என்று இருந்தால் ஓவியருக்கென்று எடுத்து வைத்தது, வழக்கமாகப் பத்து வீதம் அளவில் இருக்கும்.

கையெழுத்துதான் எல்லாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை. வார்ஹோல் 1967இல் மெரிலின் தொகுப்பை வெளியிட்டார், 10 பிரின்ட், ஒவ்வொன்றிலும் 250 பிரதி. பிறகு 1970 அளவில் 'சண்டே பி. மோர்னிங்' என்ற பெயரில் அதே படங்கள் வெளிவரத் தொடங்கின, பின்பக்கத்தில் 'உங்கள் கையெழுத்தை நீங்களே போடுங்கள்' என்ற முத்திரையோடு. அவற்றில் சிலதை வார்ஹோலிடம் கொண்டுபோய் நீட்டியபோது மனுசன் 'இது நான் செய்தது அல்ல' என்று எழுதி, கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்! இப்போது சொல்லுங்கள், கையெழுத்து எதற்குச் சாட்சி?

அதனால் நான் முதலில் பார்ப்பது மையைத்தான். கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் கல்லுப் பார்க்கப் பிடிக்கிற கண்ணாடி ஒன்று போதும். நிறம் ஒரே தட்டையாக, ஓரம் வெட்டினதுபோல, காகிதத்துக்கு மேல் ஒரு படலமாக நின்றால் ஸ்கிரீன் பிரின்ட். நான்கு நிறப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூக்களாகச் சுற்றி நின்றால் அது ஓஃப்செட், புத்தகப் படம் மாதிரி. மிக நுண்ணிய தூறலாக இருந்தால் இங்க்ஜெட். இங்க்ஜெட் என்றாலே போலி என்று நினைக்க வேண்டாம், பிளேக்கே அந்த முறையில் வெளியிட்டிருக்கிறார், ஆனால் ஸ்கிரீன் பிரின்ட் என்று சொல்லி அதை விற்றால் பேச்சை அங்கேயே முடித்துவிட வேண்டியதுதான். கையெழுத்தையும் அதே கண்ணாடியால் பாருங்கள். உண்மையான பென்சில் காகிதத்தில் மெல்லப் பதிந்திருக்கும், சரித்துப் பிடித்தால் கரி மினுங்கும். 'உறுதிச் சான்றிதழ்' என்று தங்க ஓரம் போட்டு ஒன்று தருவார்கள், அதை யாரும் அச்சடிக்கலாம்.

வாங்குவதைவிட இங்கே கஷ்டம் வைத்திருப்பது. மாரி மழை தொடங்கினால் அலுமாரிக்குள் இருக்கிற சேட்டே பூஞ்சணம் பிடிக்கும் ஊர் இது, காகிதத்தைக் கேட்கவே வேண்டாம். கறையான், இராமபாணப் பூச்சி, உப்புக் காற்று, அப்புறம் கோடையில் சுவரைச் சுடுகிற வெயில். சாமிப்படத்துக்கும் கலியாணப் படத்துக்கும் சட்டம் போடுகிற கடைக்கு ஒன்றைக் கொண்டுபோனபோது அந்த ஐயா பாசத்தோடு சொன்னது: "தம்பி, இந்த வெள்ளையை வெட்டிவிட்டால்தான் வடிவா இருக்கும்." அந்த வெள்ளையில்தான் கையெழுத்தும் எண்ணும் இருக்கின்றன! ஓரத்தை வெட்டினால் பிரின்ட்டின் விலை அதோடு போச்சு. பிறகு விளங்கப்படுத்தினேன், நல்ல மனுசன், கேட்டபடியே செய்து தந்தார். அமிலம் இல்லாத அட்டை, கண்ணாடி மையில் முட்டாமல் இடைவெளி, பசை நாடா ஒட்டவே கூடாது, பிரின்ட்டை அட்டையில் பிடிக்க ஜப்பான் காகிதத் துண்டும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும். சட்டத்தைச் சுவரோடு ஒட்டாமல் பின்னால் கட்டை வைத்துத் தூக்கி மாட்டுங்கள், காற்று ஓடவேண்டும்.

இதில் எனக்குச் சிரிப்பு வருகிற விஷயம், பொப் ஆர்ட் எல்லாருக்கும் கிடைக்கட்டும் என்றுதான் தொடங்கியது. பிளேக்கே 1968இல் 'பேப் ரெயின்போ' என்ற கற்பனை மல்யுத்தப் பெண்ணைத் தகரத்தில் அச்சடித்தார், 10,000 பிரதி. நாங்கள் இப்போது நூறில் ஒன்றுக்கு அடிபடுகிறோம். முதலில் வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் அந்தத் தகரத்தைத்தான் சொல்வேன், துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் கறையான் பயமாவது இல்லை. நாளைக்கு விலை ஏறும் என்ற நினைப்பில் வாங்குவதென்றால் காணி வாங்குங்கள்.

இப்போது என் கண் 'சைட் ஷோ' தொகுப்பில் இருக்கிறது. 1970களில் மரத்தில் செதுக்கி அச்சடித்த 5 படங்கள், தாடிக்காரப் பெண், பச்சை குத்திய மனிதன் என்று பழைய கண்காட்சிக் கொட்டகை ஆட்கள். பச்சை குத்தியவர்தான் எனக்கு வேண்டும். லண்டனில் இருக்கிற மச்சானிடம் ஏலங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலை எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்பும்வரைக்கும் கையை உயர்த்தக்கூடாது என்பதுதான் அவருக்கு நான் போட்டிருக்கிற நிபந்தனை.