காலாதுங்கியில் கார்பெட்டின் வீடு: புலியைத் தேடாமல் ஒரு பயணம்

வட இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலத்தில், காத்கோதாம் ரயில் நிலையத்தில் பேசிய வண்டி வாடகை 2,500 ரூபாய். இறங்கும்போது கேட்டது 4,000. காலாதுங்கியில் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னது "சைட்சீயிங்" கணக்கில் வருமாம். நாங்கள் கேட்காமலேயே புலி படம் போட்ட பனியன்களும் புலி முகமூடிகளும் விற்கும் கடையில் முக்கால் மணி நேரம் ஓட்டுநர் நிறுத்தி வைத்தாரே, அது மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. கூடுதலாகப் போன 1,500 ரூபாய், நம் சிங்கப்பூர் வெள்ளியில் இருபத்துச் சொச்சம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இந்தியப் பயணத்தில் பணம் கரைவது இப்படிச் சொச்சம் சொச்சமாகத்தான் என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

ஜிம் கார்பெட் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாரும் ஜீப் சவாரியைப் பற்றி மட்டுமே பேசினார்கள். என்னோடு வந்த சித்தப்பாவின் எண்ணம் வேறு. சிங்கப்பூர் ஆயுதப்படையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடி அதைப் புத்தகங்களாக எழுதிய கார்பெட்டின் எழுத்தை இளம் வயதிலிருந்து திரும்பத் திரும்பப் படிப்பவர். புலியை நம் மண்டாய் விலங்குத் தோட்டத்திலேயே பார்த்துக்கொள்ளலாம், அந்த மனிதர் வாழ்ந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்றார். பூங்காவில் வெளிநாட்டவருக்கு வாங்கும் கட்டணத்தை விசாரித்தபோது அவர் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்கும் புரிந்தது. முகத்தைப் பார்த்து இந்தியில் பேசுவார்கள். கடப்பிதழைப் பார்த்ததும் கட்டணப் பட்டியலின் அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். ஜீப்பை அங்கேயே கைவிட்டோம்.

1875 ஜூலை 25 அன்று நைனிதாலில் பிறந்தவர் கார்பெட். தந்தை அவ்வூர் அஞ்சல் நிலையத் தலைவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். கோடையில் மலைமேல் நைனிதால், குளிர்காலத்தில் அடிவாரத்துக் காலாதுங்கி என்று இரண்டு சிற்றூர்களுக்கு இடையில் வளர்ந்த பையன், பறவைகளின் குரலையும் விலங்குகளின் தடத்தையும் பள்ளிப் பாடத்தைவிட நன்றாகக் கற்றுக்கொண்டான். பிறகு மொகாமே காட் என்ற கங்கைக் கரை ஊரில், அகல ரயில் பாதையிலிருந்து மீட்டர் பாதைக்குச் சரக்கு மாற்றும் ஒப்பந்த வேலையில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தன. ஆட்கொல்லிகளான சம்பாவத் பெண்புலியை 1907இல் சுட்டதும், பானார் சிறுத்தையை 1910இல் சுட்டதும் அந்த வேலைக்கு நடுவே விடுப்பு எடுத்து வந்துதான். சம்பாவத் புலி கொன்றதாகச் சொல்லப்படும் எண்ணிக்கை 436 பேர். இந்த எண்ணைத்தான் விடுதிப் பலகைகளும் பனியன்களும் திரும்பத் திரும்ப விற்கின்றன.

அருங்காட்சியகமாக இருக்கும் காலாதுங்கி வீடு 1922இல் கட்டப்பட்டது. தாழ்வாரம் வைத்த எளிய வீடு. முன்னால் அவருடைய மார்பளவுச் சிலை. உள்ளே மேசை நாற்காலிகள், மங்கிய படங்கள், கடிதங்கள். கண்ணாடிப் பெட்டிகளில் தூசி படிந்திருந்தது. ஓரிரு விளக்குகள் எரியவில்லை. விடுதிகள் ஓர் இரவுக்கு வாங்கும் வாடகையில் கால்வாசி இருந்தால் இவற்றைச் சரிசெய்துவிடலாம்.

சித்தப்பா அதிக நேரம் நின்றது புலிப் படங்களின் முன்னால் அல்ல. முதல் உலகப் போரின்போது, 1917இல், குமாவுன் மலை ஊர்களிலிருந்து 500 பேரைத் திரட்டித் தொழிலாளர் படைப்பிரிவாகப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றவர் கார்பெட். ஒருவரைத் தவிர அனைவரும் ஊர் திரும்பினார்கள் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். கடலையே கண்டிராத மலைக்காரர்களைப் பிரான்சின் குளிருக்கும் பீரங்கிச் சத்தத்துக்கும் நடுவே கொண்டு நிறுத்திப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்த கணக்கு அது. "எத்தனை புலின்னு எல்லாரும் கேக்குறாங்க, எத்தனை ஆள் வீடு திரும்புனாங்கன்னு யாராவது கேக்குறாங்களா?" என்றார் சித்தப்பா. இரண்டாம் உலகப் போரில், எழுபதை நெருங்கும் வயதில், பர்மாப் போர்முனைக்குப் போகும் வீரர்களுக்குக் காட்டில் பிழைக்கும் கலையைக் கற்றுக்கொடுத்ததும் இதே மனிதர்தான். சிங்கப்பூரின் தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமில் புதிய வீரர்களைக் காட்டுக்குள் நடத்திச் சென்ற சித்தப்பாவுக்கு இது வெறும் வரலாறு இல்லை.

அருகிலேயே சோட்டி ஹல்த்வானி. கைவிடப்பட்டுக் கிடந்த இந்த ஊர் நிலத்தை 1915இல் வாங்கிக் குடியானவர்களை அமர்த்தியவர் கார்பெட். காட்டுப் பன்றிகளும் மான்களும் பயிரை அழிக்காமல் இருக்க ஊரைச் சுற்றி அவர் எழுப்பிய கல் சுவர் இன்னும் நிற்கிறது. இடுப்புயரம் இருக்கும் இடங்களில் பாசி பிடித்திருக்கிறது. சரிந்த இடங்களில் முள்ளை வெட்டி அடைத்திருக்கிறார்கள். ஒரு மூலையில் கோதுமை வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர், சுவரின் மேல் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, 'கார்பெட் சாஹிப்' என்பதைக் 'கார்பேட் சாப்' என்று பக்கத்து வீட்டுக்காரரைப் போலச் சொன்னார். 1947இல் தமக்கை மேகியோடு கென்யாவுக்குப் புறப்பட்டபோது நிலத்தைக் குடியானவர்களுக்கே விட்டுச் சென்றார் என்பதை ஊரில் எல்லாருமே சொல்கிறார்கள்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. ஊருக்குள் ஒரு வீட்டில் சொல்லி வைத்துச் சாப்பிட்டோம். கறுப்புச் சோயாவை வறுத்து இரும்புச் சட்டியில் கொதிக்க வைத்த பட் கி சுட்காணி, கேழ்வரகு ரொட்டி, சீரகமும் காய்ந்த மிளகாயும் தாளித்த உருளைக்கிழங்கு, மேலே ஒரு கரண்டி நெய். கேழ்வரகு என்றதும் சித்தப்பாவுக்கு ஊர் ஞாபகம் வந்து நான்கு ரொட்டி இறங்கியது. பக்கத்தில் பாங், அதாவது கஞ்சாச் செடியின் விதைத் துவையல் இருந்தது. அந்த மலைகளில் அது அன்றாடச் சமையல், விதையில் போதை கிடையாது என்று வீட்டம்மா விளக்கினார். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்க வேண்டியவர்கள் நாங்கள். சித்தப்பா கிண்ணத்தை மரியாதையாக மேசையின் மறுபக்கம் நகர்த்தி வைத்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆன செலவு சிங்கப்பூர் தேக்காவில் ஒருவர் சாப்பிடும் காசுகூட இல்லை.

போகும் வழியை வரிசையாக எழுதுவதாகத்தான் நினைத்திருந்தேன். டெல்லியிலிருந்து காத்கோதாமுக்கு ரயில். அங்கிருந்து ஹல்த்வானி வழியாகக் காலாதுங்கி ஒரு மணி நேரம். வாடகையைத் தாளில் எழுதி, நிற்கும் இடங்களையும் குறித்து, ஓட்டுநரிடம் காட்டிவிட்டு ஏறுங்கள். ஜீப்புக்கு வைத்த பணம் மிச்சமானால் அந்த ஊரிலேயே ஒரு இரவு தங்குங்கள்.

1955 ஏப்ரல் 19 அன்று கென்யாவின் நியெரியில் இறந்த கார்பெட்டின் கல்லறை, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் புதைக்கப்பட்ட அதே ஊரில் இருக்கிறது. அதையும் பார்த்துவிட வேண்டும் என்று சித்தப்பா விமானத்திலேயே ஆரம்பித்துவிட்டார். நைரோபிக்கு என்ன விலை என்று பார்த்தேன். சலுகைக் கட்டணம் வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் சித்தப்பா என்று சொல்லியிருக்கிறேன்.