இரண்டு அடுக்கு மாதிரி ராக்கெட்: கட்டுவோர் கவனிக்க வேண்டியவை

ஓரடுக்கு ராக்கெட்டைச் சில முறை ஒழுங்காக ஏவி, சேதமில்லாமல் மீட்டுப் பழகியவர்களுக்கு இரண்டு அடுக்குக் கிட்டில் வெட்டுவதும் ஒட்டுவதும் புதிதல்ல. கீழடுக்கு எரிந்து முடிந்து மேலடுக்கு பற்றிக்கொள்ளும் அந்தக் கணம்தான் புதிது. மேல் மோட்டார், அதாவது அந்த அடுக்கை உந்தும் மருந்துக் குழல், பற்றாமலே போகலாம், அல்லது ராக்கெட் சாய்ந்து பறக்கும்போது பற்றலாம். இரண்டுமே ஆபத்தானவை. கட்டும் வேலையில் பாதி இந்த இரண்டையும் தடுப்பதற்காகத்தான்.

முதலில் மோட்டாரின் மேல் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சி6-7 என்பதில் சி மொத்தக் கணத்தாக்கை, அதாவது உந்துவிசையையும் அது நீடிக்கும் நேரத்தையும் பெருக்கிய அளவை, குறிக்கிறது. 5 நியூட்டன்-நொடிக்கு மேல், 10 வரை. பி வகைக்கு இதில் பாதி, ஏ வகைக்குக் கால் பங்கு. 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 7 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளித்தள்ளும் மருந்து வெடிக்கும்வரை கழியும் நொடிகள்.

கீழடுக்கில் கட்டாயம் 0 என்று முடியும் மோட்டார்தான் வேண்டும்: பி6-0 அல்லது சி6-0. இவற்றில் தாமத மருந்தும் கிடையாது, வெளித்தள்ளும் மருந்தும் கிடையாது, மேல்முனையை அடைக்கும் களிமண் மூடியும் கிடையாது. கருமருந்து எரிந்து மேல்முனையை எட்டியதும் மிஞ்சிய மெல்லிய மருந்துப் படலத்தை உடைத்துக்கொண்டு சூடான வாயுவும் எரியும் துகள்களும் மேலே பாய்கின்றன. அவை மேல் மோட்டாரின் நாசிலுக்குள் (வாயு வெளியேறும் கீழ்த்துளை) புகுந்து அதைப் பற்றவைக்கின்றன. தவறுதலாக 0 மோட்டாரை மேலடுக்கில் வைத்தால் பாராசூட் வெளிவராது, ராக்கெட் மூக்குக்குத்தி விழும். கருமருந்துக்குப் பதிலாக ரப்பர் போன்ற கலவை எரிபொருள் அடைத்த காம்போசிட் மோட்டார்கள் இந்த முறையில் பற்றாது. அவற்றுக்கு மின்னணுச் சுற்று தேவை.

முதல் ஏவலுக்குக் கீழே பி6-0, மேலே ஏ8-5 போதும், கிட்டின் பட்டியலில் அந்த ஜோடி இருந்தால். உயரம் குறைவு, இரண்டு பாகங்களும் கண்ணுக்குத் தெரியும். சி6-0, சி6-7 ஜோடியில் எடை குறைந்த ராக்கெட் 300 மீட்டரைத் தாண்டிவிடும். அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மேலடுக்குக்கு 5, 6, 7 என்று நீண்ட தாமதம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் மோட்டார் அணையும்போது வேகம் மிக அதிகம். உச்சியை எட்ட நேரமாகும். 3 நொடித் தாமதம் வைத்தால் வேகம் குறையுமுன் பாராசூட் விரிந்து கிழியும், மூக்குக் கூம்பை உடலோடு பிணைக்கும் எலாஸ்டிக் கயிறு காகிதக் குழாயின் விளிம்பை நீளவாக்கில் அறுத்துவிடும்.

இனி மோட்டார்களை இணைப்பது. நேரடி இணைப்புக் கிட்டுகளில் கீழ் மோட்டாரின் மேல்முனையும் மேல் மோட்டாரின் நாசில் முனையும் இடைவெளி இல்லாமல் தொட வேண்டும். தொட்ட இடத்தைச் சுற்றி செலோ டேப் ஒரே ஒரு சுற்று. டேப் இல்லையென்றால் வாயுவின் அழுத்தம் துகள்கள் நாசிலை எட்டுமுன்பே அடுக்குகளைப் பிரித்துவிடும். மேலடுக்கு பற்றாமல் போவதற்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். மாஸ்கிங் டேப்பை இங்கே சுற்றாதீர்கள், பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாது. மேல் நாசிலுக்குள் இக்னைட்டரோ (மின்சாரத்தால் பற்றவைக்கும் திரி) அதன் பிளாஸ்டிக் அடைப்போ இருக்கவே கூடாது. இக்னைட்டர் கீழ் மோட்டாருக்கு மட்டும். இரண்டு நாசில்களும் கீழ்நோக்கித்தான் இருக்கின்றனவா என்று ஒட்டுமுன் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேல் மோட்டார் தன் குழாயில் இறுக்கமாக உட்கார வேண்டும். தளர்ந்திருந்தால் மாஸ்கிங் டேப்பை மோட்டாரின் மேல் சுற்றி இறுக்குங்கள். இல்லையேல் வெளித்தள்ளும் மருந்து பாராசூட்டைத் தள்ளாமல் மோட்டாரையே பின்னால் தள்ளிவிடும். அடுக்குகளை இணைக்கும் கப்ளரோ இதற்கு நேர்மாறு. ஆடாமல் பொருந்த வேண்டும், ஆனால் மோட்டார் இல்லாமல் மேலடுக்கைத் தூக்கி லேசாக உலுக்கினால் கீழடுக்கு நழுவ வேண்டும். இறுகினால் 400 எண் உப்புத்தாளால் தேயுங்கள். கப்ளர்மேல் பெயின்ட் படக்கூடாது.

துடுப்புகளுக்குப் பால்சா மரத்தின் ரேகை முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். மரப்பசையை இரு பரப்பிலும் மெல்லப் பூசி, சற்று உலரவிட்டு, மறுபடி பூசி ஒட்டினால் இணைப்பு மரத்தைவிட உறுதியாகும். ஏவுகம்பியில் நுழையும் சிறுகுழல்கள் இரண்டு அடுக்கிலும் இருந்தால், ஒட்டும்போது நேரான கம்பியை இரண்டிலும் செருகிப் பாருங்கள். கீழடுக்குக்குப் பாராசூட் இல்லை. பிரிந்ததும் நிலைதடுமாறிப் புரண்டுகொண்டே இறங்கும். அதற்குப் பளிச்சென்ற ஆரஞ்சு வண்ணம் பூசினால் புல்லில் தேட உதவும்.

நிலைத்தன்மையை இரண்டு முறை சோதிக்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மோட்டார்களும் ஏற்றிய முழு ராக்கெட்டுக்கு ஒரு முறை, மேலடுக்குக்குத் தனியாக ஒரு முறை. இரண்டிலும் ஈர்ப்பு மையம், காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளியான அழுத்த மையத்துக்கு முன்னால் குறைந்தது ஒரு குழாய் விட்டம் தள்ளி இருக்க வேண்டும். சி6 மோட்டார் ஒன்று ஏறத்தாழ 24 கிராம். இரண்டும் வால்பக்கம் சேர்வதால் ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகரும். அழுத்த மையத்தை இலவச ஓப்பன்ராக்கெட் மென்பொருள் கணக்கிட்டுத் தரும். இடைவெளி போதவில்லை என்றால் மூக்குக் கூம்புக்குள் களிமண் சேருங்கள், ஆனால் எடையைக் கவனியுங்கள். 100 கிராம் ராக்கெட்டின் எடை சுமார் 1 நியூட்டன். சி6 தொடக்கத்தில் ஏறத்தாழ 14 நியூட்டன் உச்சத்தைத் தொட்டு, பிறகு 5-க்கு அருகில் இறங்கிவிடும். கம்பியை விட்டு வேகமாகக் கிளப்புவது அந்தத் தொடக்க உச்சம்தான். செயல்திட்டமாகச் செய்பவர்களிடம் நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் இந்தக் கணக்கையும், 0 ஏன் என்பதையும்தான் கேட்பார்கள்.

காற்றடித்தால் தள்ளிப்போடுங்கள். கீழடுக்கின் பெரிய துடுப்புகள் ராக்கெட்டைக் காற்று வரும் திசைக்குத் திருப்பும். சி6-0 எரியும் 1.8 நொடிக்குள் அது கணிசமாகச் சாய்ந்துவிட்டால் இரண்டாம் மோட்டார் முழு வேகத்தில் பக்கவாட்டில் ஓட்டிச் செல்லும். அமெரிக்கத் தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதி மணிக்கு 32 கிலோமீட்டர் காற்றுவரை அனுமதிக்கிறது. இரண்டு அடுக்குக்கு இலைகள் லேசாக அசையும் அளவே எங்கள் வரம்பு. அதே விதிப்படி டி வகை வரை 5 மீட்டர் விலகி நிற்கலாம். இரண்டு அடுக்கு என்றால் அதைப்போல் இரு மடங்காவது தள்ளி நில்லுங்கள். மேலடுக்கு பற்றாவிட்டால் அதன் தாமத மருந்தும் பற்றாது, பாராசூட் வராது. எனவே பார்ப்பவர்களை முன்பே எச்சரித்து, ஒருவர் கீழடுக்கையும் இருவர் மேலடுக்கையும் கண்ணை எடுக்காமல் தொடரட்டும்.

பொத்தானை அழுத்தியும் கிளம்பாவிட்டால் ஏவும் பெட்டியின் பாதுகாப்புச் சாவியை எடுத்துவிட்டு 60 நொடி காத்திருந்த பிறகே அருகே செல்லுங்கள். பற்றாமல் விழுந்த மேல் மோட்டாரை மறுபடி பயன்படுத்தாதீர்கள். அடிபட்ட கருமருந்தில் விரிசல் விழுந்திருந்தால் அடுத்த முறை வெடிக்கும். எறிவதற்கு முன் அதன் நாசிலைப் பாருங்கள். புகைக்கரி படிந்தும் மருந்து பற்றாமல் இருந்தால் துகள்கள் வருமுன் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன, டேப்பையும் இடைவெளியையும் சரிபாருங்கள். சுத்தமாக இருந்தால் வாயுவே எட்டவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மோட்டாரை மருந்து கரைந்து குழையும்வரை தண்ணீரில் ஊறவிட்டுப் பிறகு எறியுங்கள்.