கந்தோர்க் கூரையில் விழும் வெயில்

கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்த ஓர் ஆடி மாத முற்பகலில், காணி அலுவல் ஒன்றுக்காகத் திருகோணமலை நகரிலுள்ள அரச அலுவலகமொன்றின் வாங்கில் காத்திருந்தேன். பதினொரு மணியளவில் மின்சாரம் நின்றுபோனது. கூரை நிறையச் சூரியப் பனல்கள் பொருத்திய கட்டடம் அது. பக்கத்திலிருந்த முதியவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “தம்பி, வெயில் இந்த எரி எரிக்குது, பிறகேன் காத்தாடி நிண்டது?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பனலின் மின்சாரத்தைப் பாவனைக்கேற்றதாக மாற்றித் தரும் கருவிதான் இன்வேட்டர். மின்சார சபையின் கம்பியோடு இணைந்த சாதாரண இன்வேட்டர், வெளியே மின் தடைப்பட்டவுடன் தானும் நின்றுவிடும். நிற்காவிட்டால், பழுதுபார்க்கக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்கு ஆபத்து. தடையின்போதும் காத்தாடி சுழல வேண்டுமானால் பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் வேண்டும், அதற்குச் செலவு அதிகம்.

ஆனாலும் பனல் பூட்டுவதற்கு வீட்டுக் கூரையைவிடக் கந்தோர்க் கூரையே தோதானது என்பேன். 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற அரசின் கூரைச் சூரிய மின்திட்டம் தொடங்கிய பின் வீடுகள் பலவற்றில் பனல்கள் ஏறின. ஆனால் வீட்டில் மின்சாரம் கூடுதலாகச் செலவாவது விளக்கு வைத்த பிறகு. அலுவலகமோ வெயிலோடு திறந்து வெயிலோடு மூடுகிறது. குளிரூட்டியும் கணினிகளும் ஓடும் நேரத்திலேயே கூரையில் விளையும் அலகுகள் கீழ்மாடியிலேயே செலவாகிவிடும். காணி பறிபோன கதைகளைச் சம்பூர்ப் பக்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரு துண்டு நிலமும் கேட்காத கூரையின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இடைஞ்சல் விடுமுறை நாட்களில்தான். கந்தோர் பூட்டிக் கிடக்க, விளைந்த மின்சாரம் முழுவதும் வெளிக்கம்பிக்குப் போகும். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் மின்தேவை குறைந்தபோது, கூரைப் பனல் வைத்திருந்தவர்களைப் பகல் 3 மணிவரை அவற்றை நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. ஆகவே கூரையில் கொள்ளும் மட்டும் நிரப்பாமல், அந்த அலுவலகத்தின் பகல் பாவனைக்கு அளவாகப் பூட்டுவதே புத்தி.

இதைவிடப் பெரிய குறை பராமரிப்பில் இருக்கிறது. அன்று மின்சாரம் வரும்வரை பொழுது போகாமல், அங்கு வேலை செய்யும் நண்பரொருவருடன் மொட்டை மாடிக்கு ஏறினேன். பனலில் விரலை இழுத்தபோது உப்பும் தூசியும் கலந்த படிவு மாவாக ஒட்டியது. கீழ் விளிம்புகளில் காக்கை எச்சம் சுண்ணாம்பாக இறுகியிருந்தது. பனல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்றில் விழும் மறைப்பு வரிசை முழுவதையும் இழுத்து விழுத்தக்கூடும். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையளவில் இருப்பதால் பனல்களை ஏறத்தாழப் படுக்கையாகவே வைக்கிறார்கள். மழை வழிந்து தானாகக் கழுவிவிடும் என்று நம்ப முடியாது, அந்த மழையும் எங்களுக்குப் பெரும்பாலும் ஐப்பசிக்குப் பிறகுதான்.

யார் கழுவுகிறார்கள் என்று கேட்டேன். பூட்டியவர்கள் பிறகு வரவில்லை, கழுவுவதற்கு நிதி ஒதுக்கீடும் இல்லை என்றார் நண்பர். மாடியில் தண்ணீர்க் குழாயே கிடையாது. ஒருமுறை சிற்றூழியர் ஒருவர் வாளியில் தண்ணீர் சுமந்து ஏறி, இரண்டு வரிசையோடு விட்டுவிட்டாராம். அடுத்த கட்டடத்துக்குக் கேள்விப்பத்திரம் எழுதுபவர்கள் பனலின் கிலோவாற்றுக்குக் கீழே, மாடிக்கு ஒரு குழாயும் மாதமொரு கழுவலும் என்று இன்னொரு வரியைச் சேர்த்துவிடட்டும்.